வெள்ளத்தை அளக்கும் எண் யார் கையில்?

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு முனையில், குமுளி மலையின் அடிவாரத்தில், 'லோயர் கேம்ப்' என்று ஆங்கிலப் பெயராலேயே இன்றளவும் வழங்கும் சிற்றூர் ஒன்று உளது. மலைமேலிருந்து நான்கு பெருங்குழாய்களின் வழியே பாய்ந்திறங்கும் முல்லைப் பெரியாற்று நீர், ஈண்டுள்ள மின்னாக்க நிலையத்தின் பொறிகளைச் சுழற்றிவிட்டுப் பள்ளத்தாக்கினுள் நடக்கின்றது. 1958 ஆம் ஆண்டு முதல் படிப்படியாக எழுந்த அந்நிலையம், ஒவ்வொன்றும் 35 மெகாவாட்டு ஆற்றலுடைய நான்கு பொறிகளைக் கொண்டதாக முதற்கண் அமைந்தது. அதே நீர்தான் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த 14,707 ஏக்கர் இருபூ நன்செயை விளைவித்து, வையையோடு கூடி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரை சென்று உயிர் காக்கின்றது. 1895 இல் அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்குக்கு 2013 ஆம் ஆண்டில் நினைவு மண்டபம் திறக்கப்பெற்றதும் இவ்வூரிலேதான்.

அம்மண்டபத்தின் முன் நன்றியோடு கைகூப்பும் உழவர் பலர். அவ்வுழவர்தம் வயலுக்கு எவ்வளவு நீர் வரும் என்பதை முடிவு செய்யும் எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்று அறிந்தோர் எத்துணைப் பேர்? இவ்வினாவே தமிழினம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும்.

முல்லைப் பெரியாற்று வழக்கு உரிமை வழக்கு என்றே மேடைகளில் முழங்கப்பெறுகின்றது. அது மெய்யே. ஆயினும் அவ்வுரிமை ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணாகவே உருக்கொண்டு வந்துள்ளது. 152 அடி வரை தேக்கிய நீர்மட்டம் 1979 இல் 136 அடியாகக் குறைக்கப்பெற்றது. 2006 இல் உச்ச முறைமன்றம் 142 அடிக்கு இசைவு தந்தது. கேரள அரசு உடனே சட்டத்திருத்தம் ஒன்றால் 136 அடியையே நிலைநாட்ட முயன்றது. 2014 ஆம் ஆண்டு மே 7 ஆம் நாள் ஐவர் அமர்வு அச்சட்டத்தைத் தள்ளி, 142 அடியை மீண்டும் உறுதி செய்தது. எனினும் 2021 ஐப்பசியில், மாதந்தோறும் எவ்வளவு தேக்கலாம் என்று வகுத்த வரைகோட்டின் பெயரால், நீர் 142 அடியைத் தொடுமுன்னரே கேரளப் பக்கத்து மதகுகள் திறக்கப்பெற்றன. உழவர் கொதித்தெழுந்தனர். ஆயின், அவ்வரைகோடு எந்த வெள்ளக் கணக்கின்மேல் எழுந்தது என்று எடுத்துக் கேட்கும் சொற்கள் அவர்தம் வாயில் இல்லை. அச்சொற்கள் தமிழில் அவர்க்கு ஒருநாளும் கற்பிக்கப்பெறவில்லை என்பதே அதற்குக் கரணியம்.

அணைக்கு வரத்தகும் பெரும வெள்ளம் எவ்வளவு என்பதில் வல்லுநரே வேறுபட்டனர். நடுவண் நீர் ஆணையம் நொடிக்கு 2.12 இலக்கம் கன அடி என்றது. கேரளத்தின் சார்பில் தில்லித் தொழில்நுட்பக் கழகத்தார் செய்த ஆய்வு 2.91 இலக்கம் கன அடி என்றது. ஆறு ஒன்று, மலை ஒன்று, மழை ஒன்று. எண்கள் மட்டும் இரண்டு. இடையே ஏறத்தாழ 79,000 கன அடி வேறுபாடு! முன்னைத் தலைமை முறைவர் ஏ. எசு. ஆனந்து தலைமையிலான குழு, 2012 இல் தந்த அறிக்கையில், அணை வெள்ளத்தைத் தாங்கும் என்றே முடிவு கூறிற்று. முடிவு தமிழர்க்குச் சார்பாக வந்தமையால் மட்டும் அமைதி கொள்ளுதல் கூடாது. அடுத்த முறை வேறோர் எண் வருமாயின் என் செய்வது?

எனவே, வெள்ளத்தை அளக்கும் கணக்கின் அடிப்படையைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். அவ்வடிப்படைகளுள் தொன்மையானதும் எளியதுமாகிய ஒன்று, திருப்புத்திறன் முறை என்பது.

தமிழகத்துக் கிணறுகளில் ஏற்றம் இறைத்த காலத்தை முதியோர் இன்னும் நினைவிற் கொண்டுள்ளனர். ஏற்றமரத்தின்மேல் நின்று மிதிப்பவன், அச்சினின்று விலகி முனைநோக்கி ஓரடி நடந்தால், அவன் எடை கூடுவதில்லை. மரத்தைத் திருப்பும் அவன் திறன் கூடுகின்றது. எடையைத் தொலைவால் பெருக்கினால் வருவதே திருப்புத்திறன். இதனைத் தமிழுழவன் தன் உள்ளங்காலால் அறிந்திருந்தான். ஏட்டில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

இனி, ஓராற்றில் ஆண்டுதோறும் வந்த மிகப்பெரு வெள்ளங்களை ஒரு நீண்ட கோலின்மேல் அதனதன் அளவிற்கேற்ற இடத்தில் ஒவ்வோர் எடைக்கல்லாக வைப்பதாகக் கொள்க. கோல் எவ்விடத்தில் நிறைகோல் போல் சாயாது நிற்குமோ, அவ்விடமே நிரவல். மக்கள் சராசரி என வழங்குவது இதுவே. இது முதல் திருப்புத்திறன். பின்னர், அந்நடுவினின்று ஒவ்வொரு கல்லும் விலகி நிற்கும் தொலைவை இருபடியாக்கி நிரவினால் வருவது இரண்டாம் திருப்புத்திறன். வெள்ளங்கள் நெருங்கி நிற்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்பதை அது காட்டும். அதன் இருபடி வேரே செந்தர விலக்கம். தொலைவை முப்படியாக்கி நிரவினால் கோல் எப்பக்கம் கோணியுளது என்பது புலனாகும். அது மூன்றாம் திருப்புத்திறன்.

ஆற்றின் வெள்ளங்கள் எல்லாம் ஏதோ ஒரு பரவலைப் பின்பற்றுகின்றன என்று கணக்கியலார் கருதுவர். அப்பரவலின் வடிவத்தை முடிவு செய்யும் சில எண்களுக்குப் பண்பளவைகள் என்று பெயர். அவை கண்ணுக்குத் தெரியா. கையில் இருப்பவை சில பத்தாண்டுப் பதிவுகளே. திருப்புத்திறன் முறை கூறுவது இதுதான்: பதிவுகளிலிருந்து பெற்ற திருப்புத்திறன்களைப் பரவலின் திருப்புத்திறன்களுக்கு ஈடாக வைக்க, எத்துணைப் பண்பளவைகள் அறியப்பெறாதனவோ அத்துணை ஈடுகளை எழுதுக, அவற்றைத் தீர்த்துப் பண்பளவைகளைக் காண்க. பானையில் வெந்த சோற்றின் பதத்தை அகப்பைச் சோற்றால் அறியும் அறிவே இதுவும்.

இம்முறையைப் பெருங்கருவியாக வளர்த்தவர் இலண்டன் பேராசிரியர் காரல் பியர்சன். 1894 இல் அவர், நேப்பிள்சுக் கடலில் பிடித்த ஓராயிரம் நண்டுகளின் அளவுகளை ஆராய்ந்து, அவற்றுள் இரு வகைகள் கலந்துள்ளனவோ என்று பார்த்தார். ஐந்து பண்பளவைகளைக் காண ஐந்து திருப்புத்திறன்களை ஈடுவைத்து, ஒன்பதாம் படிச் சமன்பாட்டைக் கையாலேயே தீர்த்தார். பியர்சன் இனங்களிடையே உயர்வுதாழ்வு கற்பித்த கொள்கையினர் என்பதும் மறக்கத்தக்கதன்று. அவர் நஞ்சைத் தள்ளுக. அவர் கருவியைக் கொள்க.

அக்கருவியை ஆற்று வெள்ளத்திற்குக் கொண்டுவந்தோருள் தலையாயவர் கும்பெல் என்னும் செர்மானிய அறிஞர். போர்வெறியை எதிர்த்தமையால் 1932 இல் ஐடல்பெர்க்குப் பல்கலைக்கழகப் பணியை இழந்து, நாடு விட்டு நாடு பெயர்ந்து, இறுதியில் அமெரிக்காவில் தங்கியவர் அவர். அவர் பெயரால் வழங்கும் பரவலுக்குப் பண்பளவைகள் இரண்டே. ஒன்று பரவலின் இருப்பிடத்தைக் குறிக்கும். மற்றொன்று அதன் அகற்சியைக் குறிக்கும். செந்தர விலக்கத்தை 0.78 ஆல் பெருக்கினால் அகற்சி வரும். நிரவலினின்று செந்தர விலக்கத்தின் 0.45 பங்கைக் கழித்தால் இருப்பிடம் வரும். பள்ளியிறுதி மாணவனும் செய்யத்தக்க கணக்கு இது.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஓராற்றில் இருபது ஆண்டுகளின் உச்ச வெள்ளப் பதிவுகள் உள. நிரவல் நொடிக்கு 1,000 கன அடி; செந்தர விலக்கம் 400. அகற்சி 312, இருப்பிடம் 820. நூறாண்டு வெள்ளம் எனப்படுவதைக் காண, அகற்சியை 4.6 ஆல் பெருக்கி இருப்பிடத்தோடு கூட்டுதல் வேண்டும். விடை 2,255 கன அடி. இனி, இருபத்தோராம் ஆண்டில் 3,000 கன அடி வெள்ளம் ஒன்று வருகின்றது. அவ்வோர் எண்ணைச் சேர்த்தவுடன் நிரவல் 1,095 ஆகின்றது. செந்தர விலக்கம் 578 ஆகத் தாவுகின்றது. நூறாண்டு வெள்ளம் ஏறத்தாழ 2,900 கன அடி ஆகிவிடுகின்றது. ஒரே ஓர் ஆண்டு, கணக்கைக் கால்பங்கிற்கும் மேலாக உயர்த்திவிட்டது!

கரணியம் ஏற்றமரத்திலேயே உளது. நடுவினின்று மிகத் தொலைவில் நிற்கும் கல், தன் எடைக்கு மிஞ்சிய திறன் பெறுகின்றது. தொலைவை இருபடியாக்கும்போது அத்திறன் இன்னும் பெருகுகின்றது. முப்படியாக்கினால் கேட்கவே வேண்டா. பெரியாற்றில் 1924 ஆம் ஆண்டும் 2018 ஆம் ஆண்டும் அத்தகைய தொலைவுக் கற்கள். இவ்வாண்டுகளைச் சேர்த்த பதிவும் சேர்க்காத பதிவும் ஒரே விடையைத் தாரா. எனவே, ஓர் எண் மேசைமேல் வைக்கப்பெற்றவுடன் தமிழன் கேட்க வேண்டிய வினாக்கள் இவை: பதிவுகள் எத்தனை ஆண்டினவை? எந்த ஆண்டுகள் விடுபட்டன? எப்பரவலைக் கொண்டீர்? விடை எவ்வளவு முன்பின் ஆகலாம்? இவற்றைக் கேட்கத் தெரியாதவன் கையில் அறிக்கை ஒரு தாள். கேட்கத் தெரிந்தவன் கையில் அஃது ஒரு படைக்கலன்.

ஈண்டு ஒன்றை மறைத்தல் அறமாகாது. பேரணைகளுக்குக் கொள்ளப்பெறும் பெரும வெள்ளம், மேற்கூறிய நூறாண்டுக் கணக்கினின்று நேரே பெறப்படுவதன்று. மழைப்பொழிவின் மேல்வரம்பைக் கண்டு, அது ஆற்றில் எவ்வாறு திரளும் என்று கணிப்பதே அதன் வழி. 1985 ஆம் ஆண்டின் இந்தியச் செந்தர நெறியும் பேரணைக்குப் பெரும வெள்ளத்தையும் சிற்றணைக்கு நூறாண்டு வெள்ளத்தையும் வகுத்துள்ளது. ஆயினும், மழையின் மேல்வரம்பைக் காணும் முறைகளுள் பரவலாக வழங்கும் கெர்சுபீல்டு முறை, நிரவலோடு செந்தர விலக்கத்தின் பல மடங்கைக் கூட்டுவதேயாகும். ஆகவே, முதலிரு திருப்புத்திறன்களை அறியாதான் அக்கணக்கின் வாயிலையும் கடக்க இயலாது.

'நூறாண்டு வெள்ளம்' என்னும் சொல்லும் மக்களை மயக்குகின்றது. ஒருமுறை வந்தால் இனி நூறாண்டுகளுக்கு வாராது என்று பொருளில்லை. எந்த ஓராண்டிலும் அவ்வளவை எட்டவோ மிஞ்சவோ நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முப்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது வருவதற்கு 26 விழுக்காடு வாய்ப்புண்டு. ஆற்றங்கரையில் வீடு கட்டுவோன் இதனைத் தன் மொழியில் அறிந்திருந்தால், அடித்தளத்தை இன்னும் ஈரடி உயர்த்தியிருப்பான்.

இம்முறை குறையற்றதன்று. 1922 இல் பிசர் என்னும் ஆங்கிலேயர், பல பரவல்களில் திருப்புத்திறன் முறை பதிவுகளில் அடங்கிய செய்தியை வீணாக்குகின்றது என்று காட்டி, பெரும வாய்ப்பு முறையை முன்வைத்தார். 1933 இல் கோசல் என்னும் இந்தியர், பியர்சன் முறையில் வரைந்த வளைவுகளைப் பிசர் முறையால் திருத்தலாம் என்று எழுதினார். பியர்சன் தம் வாழ்வின் இறுதி ஆண்டாகிய 1936 இல் சினந்து மறுத்தார். பிசர் 1937 இல் திருப்பி விடையிறுத்தார். 1990 இல் ஒசுக்கிங்கு என்பார், தொலைவைப் படியாக்காமல் பதிவுகளை வரிசைப்படுத்திக் கணிக்கும் நேரியல் திருப்புத்திறன்களை வகுத்தார். தொலைவுக் கற்களின் மிகைத்திறன் அதில் குறைகின்றது. பேரறிஞர்களே நூறாண்டுகளாக வழக்காடிய கணக்கை, எவரோ எழுதித் தந்த தாளில் கண்டு தலையசைத்து ஏற்பது அடிமைத்தனம் அன்றோ?

கணக்கைத் தன் கையில் எடுத்த நாட்டவர் பெற்ற நன்மைக்கு வங்கமே சான்று. 1922 இல் வடவங்கத்தில் பெருவெள்ளம் வந்தபோது, வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் தேக்கங்களைப் பெருஞ்செலவில் அமைக்கப் பொறியாளர் கருதினர். மகலனோபிசு ஏறத்தாழ ஐம்பதாண்டு மழை, வெள்ளப் பதிவுகளை ஆராய்ந்து, தேவை தேக்கமன்று, விரைந்த வடிகாலே என்று காட்டினார். 1926 இல் ஒடிசாவின் பிராமணி ஆற்று வெள்ளத்திற்குப் பின், ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்துக என்றனர். படுகை உயரவில்லை என்பதை அவர் எண்களாலேயே நிறுவினார். 1931 இல் அவர் கொல்கத்தாவில் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். மண்ணின் மகன் ஒருவன் எண்ணை எடுத்தபோது, ஆட்சியாளரின் எண்ணம் திரும்பிற்று.

தமிழர்க்கு எண் புதிதன்று. காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலத்தையும் நெல்லையும் நீரையும் அளந்த இனத்தின் நூல். வள்ளுவரும் எண்ணை முன்வைத்தே எழுத்தைக் கூறினார். தனித்தமிழ் இயக்கத்தை மறைமலையடிகள் தொடங்கிய அதே 1916 இல், சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலானோர் அறிவியற் கலைச்சொல் ஆக்கும் கழகம் ஒன்றை அமைத்தனர். அவ்விரு நீரோட்டங்களும் கூடியிருப்பின் இன்று நிலை வேறாகியிருக்கும். சொல்லின் தூய்மையைக் காத்தோர் எண்ணின்பால் திரும்பவில்லை. எண்ணைக் கற்றோர் சொல்லின்பால் திரும்பவில்லை. தனித்தமிழ் அன்பர்கள் தம்முள்ளே ஒப்புக்கொள்ள வேண்டிய குறை இஃது.

இத்தகைய கருத்துகளைத் தமிழ் தாங்குமோ என ஐயுறுவோர் இன்னும் உளர். ஆங்கிலேயன் வழங்கும் சொல்லும் அவன் வீட்டுச் சொல்லன்று; இலத்தீனில் அசைவைக் குறித்த சொல்லை அவன் கடன் வாங்கினான். அச்சொல்லைக் கேட்கும் ஆங்கிலச் சிறுவனுக்கு நெம்புகோல் நினைவுக்கு வருவதில்லை. நொடிப்பொழுதே நினைவுக்கு வருகின்றது. திருப்புத்திறன் என்றவுடன் தமிழ்ச் சிறுவனுக்கு ஏற்றமும் நிறைகோலும் கண்முன் நிற்கின்றன. சிலர் இதனை விலக்கப் பெருக்குத்தொகை என்பர். அது கணக்கின் செய்முறையைச் சொல்கின்றது. திருப்புத்திறனோ கருத்தையே காட்டுகின்றது.

ஆங்கிலத்தில் கற்றால்தானே வேலை கிடைக்கும் என்பாரும் உளர். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை எவரும் தடுக்கவில்லை. அறிவின் வேர் தாய்மொழியில் ஊன்றல் வேண்டும் என்பதே கூற்று. 2010 இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழி தொடங்கியது. கதவு திறந்தது, உள்ளே வைக்க நூல்கள் போதா. நீர்க்கணக்கிற்கும் புள்ளியியலுக்கும் தமிழில் தகுதி வாய்ந்த நூல்களை எழுதுவதும், அவற்றைக் கற்றோர்க்குப் பொதுப்பணித்துறையில் முன்னுரிமை தருவதும் அரசின் கடன். ஆற்றின் நீர்வரத்துப் பதிவுகளை உழவரும் மாணவரும் காணுமாறு தமிழிலேயே வெளியிடுவதும் அதன் கடனே.

இயக்கத்தார்க்கும் கடன் உண்டு. கூடலூரிலும் கம்பத்திலும் உள்ள பள்ளிகளில் மாணவர் ஒரு மழைமானியை நட்டு, நாள்தோறும் அளந்து, ஆண்டிறுதியில் நிரவலும் செந்தர விலக்கமும் காணட்டும். பத்தாண்டுகளில் பள்ளத்தாக்கின் மழையைப் பற்றிப் பேச அவர்களைவிடத் தகுதியுடையோர் இரார். ஒரு கண்டனக் கூட்டத்திற்கு ஆகும் செலவில் ஊர்தோறும் மழைமானி வைக்கலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கணக்கைக் கற்பது நமக்கு வேண்டிய விடையை வரவழைப்பதற்கன்று. வெள்ளம் பெரிதாக வரும் என்று கணக்கு காட்டினால், அதனையும் மறைக்காது ஏற்றல் வேண்டும். அணையின் மறுபக்கத்தில் வாழ்வோரும் மக்களே. அவர்தம் அச்சத்திற்கு விடை கூச்சலன்று, ஐயமற்ற கணக்கே. தனக்குச் சார்பாக எடைக்கல்லை நகர்த்துபவன் ஏற்றமரத்திலிருந்து தானே வீழ்வான். நேர்மையான கோலைக் கையில் ஏந்தியவனை எந்த மன்றமும் எளிதில் தள்ளாது.

லோயர் கேம்ப்புக்கு நீர் மலையினின்று இறங்கி வருகின்றது. அறிவு அவ்வாறு தானே இறங்கி வாராது. நீரின் உரிமையைக் கேட்கும் இனம், நீரை அளக்கும் எண்ணின் உரிமையையும் தன் மொழியில் மீட்டல் வேண்டும். அவ்வெண் தமிழில் பேசத் தொடங்கும் நாளிலேதான் பள்ளத்தாக்கின் நீர் முழுதும் தமிழர்க்கு உரியதாகும்.